காருக்கு வழி சொல்லும் பெட்டி. அதற்கு வழி சொல்வது யார்?

சகோதரிகளே, 'கார் சமாசாரமெல்லாம் ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள், நமக்கு எதற்கு அந்த வம்பு?' என்று நானும் ஒரு காலத்தில் இருந்தவள்தான். ப்ளஸ் டூவோடு என் படிப்பு நின்றுவிட்டது. எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது. ஆனால் எங்கள் காரில் கண்ணாடியோரம் ஒட்டிக்கொண்டிருக்கிற ஜி.பி.எஸ். பெட்டியைப் பத்து வருஷத்துக்கும் மேலாகப் பழக்கி வைத்திருப்பவள் நான்தான். எங்கள் உறவில் யார் நெடுந்தூரம் போவதானாலும், "அக்கா, உங்க நோட்டைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டு வருகிறார்கள். அந்த நோட்டு எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

எங்கள் அண்ணன் பல வருஷம் அமெரிக்காவில் இருந்தவர். 2012-ல் ஊரோடு திரும்பி வந்தபோது, அங்கே காரில் வைத்திருந்த அந்தப் பெட்டியை எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்தார். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதிலிருந்த வரைபடம் அமெரிக்காவுக்கு மட்டும். இங்கே போட்டால் வெறும் வெள்ளைத் திரையில் ஒரு கார் பொம்மை ஓடும்! அண்ணன் மகன்தான், "அத்தை, நம்ம ஊர் மேப்பு சும்மாவே கிடைக்குது" என்று இந்தியா வரைபடத்தை ஒரு சின்ன மெமரி கார்டில் ஏற்றிப் பெட்டியின் இடுக்கில் செருகினான். அன்றிலிருந்து பெட்டி எங்கள் கோபிசெட்டிபாளையத்தையும் தெரிந்துகொண்டது.

அந்த மே மாதத்து மாலை

2014 மே மாதம். பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு. ஊட்டியில் இரண்டு நாள், அங்கிருந்து மைசூர் என்று புறப்பட்டோம். நாங்கள் இருவர், பத்து வயது மகன், நாலு வயது மகள், கூடவே என் மாமியார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. வேளாவேளைக்கு மாத்திரை, வேளாவேளைக்குச் சாப்பாடு என்று இருக்க வேண்டிய உடம்பு.

ஊட்டியில் அன்று மத்தியானம் மாத்திரையைப் போட்டுக்கொண்டவர், சாப்பாட்டில் மட்டும் கை வைக்கவில்லை. "மலையில இறங்கறப்ப குமட்டும் கண்ணு, மைசூர் போய்ச் சாப்பிட்டுக்கறேன்" என்று இரண்டு வாய் தயிர்சாதத்தோடு எழுந்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு இவருடையது. பெட்ரோல் மிச்சமாகுமே என்று, பெட்டியில் 'குறைந்த தூரம்' என்பதைத் தேர்ந்து வைத்திருந்தார். சாயந்திரம் நாலரைக்கு ஊட்டியை விட்டோம். தலைக்குந்தா வந்ததும், 'வலது பக்கம் திரும்பவும்' என்றது பெட்டி. திரும்பினோம்.

ஊட்டியிலிருந்து மைசூருக்குப் போகிறவர்கள் கூடலூர் வழியாக இறங்குவதுதான் வழக்கம். கல்லட்டி, மசினகுடி வழியில் போனால் முப்பது கிலோமீட்டருக்கு மேல் குறையும். ஆனால் அந்தக் கல்லட்டி இறக்கம் இருக்கிறதே, 36 கொண்டை ஊசி வளைவு! வீட்டுக்கூரையிலிருந்து இறங்குவதுபோல ஒரே சரிவு. மலைப்பாதைக்குப் பழகியவர்கள் தாழ்ந்த கியரிலேயே வண்டியைப் பிடித்து இறக்குவார்கள். இவர் சமவெளியில் ஓட்டிப் பழகியவர். வளைவுக்கு வளைவு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தார். பாதி இறங்குவதற்குள் ரப்பர் கருகுகிற மாதிரி நாற்றம். "மிதிச்சா உள்ளே போகுது, பிடிக்க மாட்டேங்குது" என்றவரின் முகம் வெளுத்துவிட்டது. எப்படியோ ஓர் ஓரத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தோம்.

அப்போதுதான் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன். மாமியாருக்கு நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை! கை நடுங்குகிறது. "அத்தை, அத்தை" என்று கூப்பிட்டால் ஏதோ சம்பந்தமில்லாமல் முனகுகிறார்.

மகன் பெட்டியை எடுத்து 'ஆஸ்பத்திரி' என்று தேடினான். 'ஒன்பது கிலோமீட்டரில்' என்று வந்தது. அப்பாடா என்றிருந்தது. வழி கேட்டால், வந்த வழியே திரும்பி மேலே ஏறச் சொல்கிறது! அந்த ஒன்பது கிலோமீட்டர் காக்கை பறக்கிற தூரம். ஊட்டி ஆஸ்பத்திரியை மலைக்குக் குறுக்கே நேர்க்கோடு போட்டு அளந்து சொல்லியிருக்கிறது. செல்போனில் ஒரு கோடு டவர்கூட இல்லை.

தெய்வாதீனமாகக் கீழேயிருந்து ஒரு ஜீப் வந்தது. ஓட்டிவந்தவர் உள்ளூர்க்காரர். பார்த்ததுமே, "பெரியம்மாவுக்குச் சுகருங்களா? முதல்ல சர்க்கரை கரைச்சுக் குடுங்க" என்றார். பிள்ளைகளுக்கென்று நான் கொண்டுவந்த சர்க்கரை டப்பா இருந்தது. மூன்று டீஸ்பூனைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மெதுவாகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. "ஏங்கண்ணு, வண்டி எதுக்கு நிக்குது?" என்று கேட்டார். எனக்குப் போன உயிர் வந்தது.

பிரேக் ஆறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். ஜீப்காரர் எங்களுக்காக வண்டியைத் திருப்பி, "எம்பின்னாடியே வாங்க, முதல் கியரு, ரெண்டாவது கியருக்கு மேல போடாதீங்க" என்று முன்னால் இறங்கினார். மசினகுடியில் ஒரு டாக்டர் பார்த்து, ரத்தத்தில் சர்க்கரை அளவை எடுத்து, "இனி பயமில்லை. மாத்திரை போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும்" என்று கண்டித்து அனுப்பினார்.

இத்தனைக்கும் பிறகு பெட்டி என்ன சொல்கிறது தெரியுமோ? 'மைசூர், ராத்திரி பத்தே முக்கால்' என்று சமர்த்தாக நேரம் காட்டுகிறது! பந்திப்பூர்க் காட்டுக்குள் போகும் ரோட்டை 2009-ஆம் வருஷத்திலிருந்தே ராத்திரி 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள். யானையும் மானும் வண்டியில் அடிபடாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. அது எங்களுக்கும் தெரியாது, பெட்டிக்கும் தெரியாது. ஜீப்காரர் சொல்லித்தான் மசினகுடியிலேயே தங்கினோம். அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் விளக்கேற்றும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன்.

(2018-க்குப் பிறகு அந்தக் கல்லட்டிப் பாதையில் வெளியூர் வண்டிகள் இறங்குவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அது நல்ல காரியம்.)

தப்பு பெட்டியினுடையதா?

ஊருக்கு வந்ததும் இவர், "இந்தப் பெட்டியைத் தூக்கிக் குப்பையில போடு" என்றார். எனக்கு என்னவோ அது நியாயமாகப் படவில்லை. குறைந்த தூரம் கேட்டோம், குறைந்த தூரம் கொடுத்தது. புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம், 'வீட்டில் பெரியவர் இருக்கிறார், அவருக்கு உப்புக் குறைவாகப் போடு' என்று சொல்லாமல் விட்டுவிட்டு, சாப்பாட்டைக் குறை சொல்லலாமா? அண்ணன் மகனை உட்கார வைத்துப் பெட்டியின் சங்கதிகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். கோள்கள் சுற்றுகின்றன. அமெரிக்கா அமைத்தது. 24 கோள்கள் கொண்ட ஏற்பாடாக 1995-ல் முழுமையாயிற்று. இப்போது முப்பதுக்குப் பக்கமாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. குறைந்தது நாலு கோளின் ஒலிபரப்பு கிடைத்தால், அது வந்து சேர்ந்த நேரத்தைக் கணக்குப் பண்ணி, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று பெட்டி தெரிந்துகொள்கிறது. 2000 மே வரை பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் பிசகாகக் கொடுத்துவந்தார்கள். நூறு மீட்டர் வரைகூடத் தள்ளிக் காட்டும். அதை நிறுத்திய பிறகு காரில் வைக்கும் பெட்டி இன்னும் உபயோகமாயிற்று. இதற்குச் செல்போன் டவர் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம். காட்டுக்குள்ளும் வேலை செய்யும்.

சரி, வழியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்கு அடிப்படையான கணக்கைப் போட்டவர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர். 1956-ல் தாம் மணக்கவிருந்த பெண்ணோடு ஆம்ஸ்டர்டாம் கடைவீதியில் சுற்றிக் களைத்து, காபி குடிக்க உட்கார்ந்தபோது இருபது நிமிஷத்தில் யோசித்ததாம். 1959-ல் அச்சில் வந்தது. கோலப்புள்ளிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்பும் ஒரு புள்ளி. புள்ளிக்குப் புள்ளி இழுக்கிற கோட்டுக்கு ஒரு விலை. மொத்த விலை எந்த வழியில் குறைவோ அதுதான் வழி. அந்த விலை கிலோமீட்டரா, நிமிஷமா என்று தீர்மானிப்பது நாம். சரிவு, வளைவு, மாமியாரின் பசி எல்லாம் அந்தக் கணக்கில் கிடையாது. அவற்றை நாம்தான் எப்படியாவது உள்ளே நுழைக்க வேண்டும்.

அப்படி நான் நுழைத்தவற்றைச் சொல்கிறேன். கம்பெனிக்குக் கம்பெனி பொத்தானின் பெயர் மாறும். விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கை வைக்கும் முன்

முதலில் பெட்டியை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்து, அதிலுள்ள ஃபைல்கள் அத்தனையையும் அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஏதாவது கெட்டுப்போனால் பழையபடி வைத்துக்கொள்ளலாம். தெரியாத ஃபைலை அழிக்கவே கூடாது. புதிய சாஃப்ட்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒயரைப் பிடுங்கக் கூடாது. கரண்ட் போகிற நேரத்தில் ஆரம்பிக்கவும் கூடாது. பொங்கிவரும் பாலைப் பாதியில் விட்டுவிட்டுப் போவோமா?

வரைபடம்

எங்கள் பெட்டியில் உள்ளது 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' வரைபடம். 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பித்தது. உலகம் முழுக்க ஆர்வமுள்ளவர்கள் தங்கள் தெருவைத் தாங்களே வரைந்து சேர்க்கிறார்கள். காசு கிடையாது. பெட்டிக்கு ஏற்ற வடிவத்தில் இறக்கி, மெமரி கார்டில் உரிய ஃபோல்டருக்குள் வைத்தால் போதும். கூடவே வந்த பழைய வரைபடத்தை அழிக்க வேண்டாம். 'செட்டிங்ஸ்' போய் எதை உபயோகிப்பது என்று டிக் செய்துகொள்ளலாம். புதுப் பாலம், புறவழிச்சாலை என்று வந்துகொண்டே இருப்பதால், வருஷத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறோம். ஆடிப்பெருக்குக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு ஒரு தடவை என்று கணக்கு.

எங்கள் தெருவுக்குப் பெயர் இல்லாமல் இருந்தது. அண்ணன் மகனை விட்டு எழுதச் சொன்னேன். அடுத்த முறை வரைபடம் மாற்றியபோது எங்கள் தெருப்பெயர் பெட்டியில் வந்ததைப் பார்த்து, மாமியார் அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு வந்தார்.

வழித் தேர்வு

'குறைந்த தூரம்' என்பதை மாற்றி 'குறைந்த நேரம்' என்று வைத்தேன். 'மண்சாலை தவிர்க்கவும்' என்பதையும் டிக் செய்தேன். இதனால் ஏரிக்கரை, தோட்டத்து வழி என்று வண்டியை இழுத்துக்கொண்டு போவது நின்றது.

ஆனால் இது மட்டும் போதாது. ரோட்டின் தரத்தை வைத்து இத்தனை வேகம் என்று பெட்டி வைத்துக்கொள்கிறது. மலைப்பாதை நேரத்தையும் சமவெளி மாதிரியே கணக்குப் போட்டுவிடலாம். அதற்கு ஒரு நல்ல உபாயம், நடுவில் ஓர் ஊரைச் சேர்த்துக் கொடுப்பது. ஊட்டியிலிருந்து மைசூர் என்று கொடுக்காமல், ஊட்டி, கூடலூர், மைசூர் என்று கொடுத்துவிட்டால் கல்லட்டிப் பக்கம் திரும்பவே திரும்பாது. புறப்படுவதற்கு முன்னாலேயே முழு வழியையும் திரையில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

நம் ஊர், நம் இடங்கள்

இதுதான் முக்கியமானது. பெட்டியோடு வருகிற ஆஸ்பத்திரிப் பட்டியலை நம்பி நான் பட்டது போதும். நமக்கு வேண்டிய இடங்களை நாமே எழுதிச் சேர்க்கலாம். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். ராத்திரியிலும் டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரி, ரத்த வங்கி, மருந்துக்கடை, பெண்கள் தைரியமாகப் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை உள்ள பெட்ரோல் பங்க், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க நிழலும் மறைவும் உள்ள இடம், எண்ணெய் அதிகமில்லாத சாப்பாட்டுக் கடை. இவையெல்லாம் எந்தக் கம்பெனி எழுதித் தரும்? போய்வந்த இடங்களில் நானே பார்த்து, விசாரித்து, போன் நம்பரோடு எழுதிக்கொண்டேன்.

பிறகு கம்ப்யூட்டரில் பட்டியலாக அடிக்க வேண்டும். ஒரு வரிக்கு ஓர் இடம். தீர்க்கரேகை, காற்புள்ளி, அட்சரேகை, காற்புள்ளி, இடத்தின் பெயர். அவ்வளவுதான். அந்தப் பட்டியலைப் பெட்டிக் கம்பெனியே இலவசமாகத் தரும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் உள்ளே ஏற்றிவிடும்.

இதில் நான் பண்ணிய கூத்தைக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் அட்சரேகையைத்தானே முதலில் சொல்வோம்? அப்படியே அடித்தேன். எங்கள் கோபி 11.45, 77.43. இவர் பெட்டியைத் திறந்து, "ஏம்மா, நம்ம ஊரு ஆஸ்பத்திரிக்கு எட்டாயிரம் கிலோமீட்டர் காட்டுதே!" என்றார். பார்த்தால், வட துருவத்தை ஒட்டி ஸ்வால்பார்டு தீவுக்குப் பக்கத்துக் கடலில் போய் உட்கார்ந்திருக்கிறது கோபி ஆஸ்பத்திரி! ரேகைகளை இடம் மாற்றி அடித்ததும் ஊருக்குத் திரும்பி வந்தது. எங்கள் பெட்டிக்குத் தீர்க்கரேகைதான் முதலில். உங்களுடையதற்கு எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் சில குறிப்புகள்:

புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் வரை அடியுங்கள். இரண்டோடு நிறுத்தினால் இடம் ஒரு கிலோமீட்டர் வரை தள்ளிப்போகும். ஐந்து இலக்கம் இருந்தால் வாசலுக்கே கொண்டுபோய் விடும்.

இடத்தின் பெயருக்குள் காற்புள்ளி போடாதீர்கள். பெட்டி குழம்பிவிடும்.

எங்கள் பெட்டிக்குத் தமிழ் எழுத்துத் தெரியவில்லை. கட்டம் கட்டமாகக் காட்டியது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்.

ஆஸ்பத்திரிகளை ஒரு பட்டியல், கழிப்பறைகளை ஒரு பட்டியல் என்று தனித்தனியாக வைத்தால், அவசரத்தில் தேடுவது சுலபம். பெட்டி காட்டும் தூரம் காக்கை பறக்கிற தூரமாக இருக்கலாம். மலையில் இதை மறக்கவே கூடாது. 'வழி' என்ற பொத்தானை அழுத்தி, ரோட்டுத் தூரத்தைப் பார்த்த பிறகே வண்டியைத் திருப்புங்கள்.

மணி அடிக்கும் இடங்கள்

நாம் சேர்த்த இடத்துக்கு இத்தனை தூரம் முன்னால் மணி அடி என்றும் சொல்லலாம். நான் முதலில் வைத்தது, நாங்கள் போகும் மலைப்பாதைகளில் இறக்கம் ஆரம்பிக்கும் இடங்களுக்கு. அரைக் கிலோமீட்டர் முன்பே 'டிங்' என்று சத்தம் வந்து, 'இரண்டாம் கியர்' என்று திரையில் எழுத்து வரும். மேட்டுப்பாளையம், குன்னூர்ப் பாதையிலும் ஒன்று, திம்பத்திலும் ஒன்று.

இரண்டாவது, மாமியாருக்காக. வழக்கமாகப் போகும் வழிகளில், ஏற்றம் ஆரம்பிக்கும் முன்பு உள்ள நல்ல சாப்பாட்டு இடத்துக்கு ஒரு மணி. 'அத்தைக்குச் சாப்பாடு' என்றே அதற்குப் பெயர். காட்டு ரோட்டுக்கு முன்னால் 'ராத்திரி கேட்' என்று ஒரு மணி. பெட்டிக்குத் தெரியாத சட்டங்களை இப்படித்தான் சொல்லிவைக்க வேண்டும். 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கொண்டுவந்தபோது, அதையும் ஒரு மணியாகச் சேர்த்தேன்.

குரலும் படமும்

பெட்டியின் குரலையும் மாற்றலாம். முதலில் இருந்த அம்மாள் தெருப்பெயர்களைப் படிப்பார். நம் ஊர்ப் பெயர்களை அவர் கடித்துத் துப்புவதைக் கேட்டு, பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்பில் திருப்பம் போய்விடும்! தெருப்பெயர் சொல்லாமல் 'இடது, வலது' மட்டும் சொல்லும் இன்னொரு குரலைத் தேர்ந்தேன். ஓட்டுகிறவருக்கும் நிம்மதி. திரையில் ஓடும் கார் பொம்மையை மாற்றும் வேலையை மகனிடம் விட்டேன். அதற்குப் பிறகு வழியெல்லாம் 'இன்னும் எவ்வளவு தூரம்?' என்ற நச்சரிப்பு இல்லை. அவனே பார்த்துச் சொன்னான்.

முதல் திரை

பெட்டியைப் போட்டதும் வரும் முதல் திரையில் நாம் விரும்பும் வாசகத்தை எழுதலாம். கிடைத்தால் தகவல் சொல்ல ஒரு போன் நம்பர், எங்கள் நால்வரின் ரத்த வகை, 'மாமியாருக்குச் சர்க்கரை வியாதி' என்ற ஒரு வரி, 108, 112 என்று எழுதி வைத்தேன். விபத்தென்றால் நாம் பேசும் நிலையில் இருப்போமோ இல்லையோ!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'வீடு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதில் உங்கள் வீட்டு வாசலைப் பதியாதீர்கள். கார் திருடு போனால், 'வீட்டில் ஆளில்லை, வழி இதோ' என்று நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும். பக்கத்துக் கோயிலையோ பெட்ரோல் பங்கையோ பதியுங்கள். அங்கிருந்து நமக்குத் தெரியாதா?

செய்யக்கூடாதவை

வண்டி ஓடும்போது ஓட்டுகிறவர் பெட்டியைத் தொடவே கூடாது. பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். அல்லது நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். கண்ணாடியின் நடுவே பார்வையை மறைக்கிற மாதிரி ஒட்டக் கூடாது. வெயிலில் நிறுத்தும்போது கழற்றி எடுத்துப்போங்கள். உள்ளே பாட்டரி இருக்கிறது. பெட்டி ஒன்று சொல்லி ரோட்டோரப் பலகை வேறொன்று சொன்னால், பலகை சொல்வதையே கேளுங்கள். உள்ளூர்க்காரர் சொன்னால் அதற்கும் மேலே.

சர்க்கரை வியாதிக்காரர்களோடு பயணம் போகிறவர்கள், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். திடீர் வேர்வை, நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு வந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணியில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு ஏதாவது சாப்பிட வையுங்கள். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், இல்லையேல் ஆஸ்பத்திரிக்குப் பறக்க வேண்டியதுதான்.

இப்போதுதான் செல்போன் இருக்கிறதே?

இளம் தாய்மார்கள் கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் விஷயம் மாறவில்லை. போனிலும் வழித் தேர்வு இருக்கிறது. இடங்களைப் பெயரிட்டுச் சேமிக்கலாம். நடுவில் ஊர் சேர்க்கலாம். மலைக்கும் காட்டுக்கும் போகிறீர்களா? டவர் இருக்கும்போதே அந்தப் பகுதி வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரசவத்துக்கு நாள் நெருங்கும் பெண் இருக்கிற வீட்டில், ஆஸ்பத்திரிக்கு இரண்டு வழிகளைப் பகலில் ஒரு முறை, ராத்திரியில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துப் பதிந்து வையுங்கள். என் நாத்தனார் மகளுக்கு அப்படித்தான் செய்தோம். அவளுக்கு வலி எடுத்த ராத்திரியில் வழக்கமான ரோட்டில் திருவிழாப் பந்தல். யாரும் பதறவில்லை. இரண்டாவது வழியில் போய்ச் சேர்ந்தார்கள்.

2017-ல் மறுபடி மைசூர் புறப்பட்டோம், இந்த முறை பண்ணாரி, திம்பம் வழியாக, பட்டப்பகலில். மாமியார் வர மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கெஞ்சிக் கூட்டிப்போனோம். பண்ணாரியம்மனைக் கும்பிட்டுக் கிளம்பியதும் 'டிங்' என்றது பெட்டி. நான் திரும்புவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது:

"அம்மிணி, உன்ற பொட்டி கூப்பிடுது பாரு. அந்த இட்லிப் பொட்டலத்தை எடு. நான் சாப்பிட்டாத்தான் அது மேல ஏற விடும்போல!"

இவர் சிரித்துக்கொண்டே வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகுதான் 27 வளைவும் ஏறினோம்.

அந்தப் பெட்டியின் பாட்டரி இப்போது நிற்பதில்லை. மகன் இன்ஜினீயரிங் படிக்கிறான், எல்லாம் போனில்தான். ஆனால் போன மாதம் சிநேகிதர்களோடு கொல்லிமலைக்குப் புறப்பட்டபோது, என்னிடம் வந்து நின்று, "அம்மா, அந்த நோட்டு எங்கே?" என்றான். எடுத்துக் கொடுத்தேன்.